வெறுங்காலோடு வந்தவர்கள்

இது கதை இல்லை. இதில் கதை எழுதுகிறவள் ஒருத்தி வருகிறாள், அதை வைத்து இதையும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் எழுதுவதுதான் கதை. எனக்கு நடந்தது நிஜமாக நடந்தது. சந்தேகம் இருந்தால் எங்கள் ஊர் மரிக்கினாவுக்கு வாருங்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்று, நெனிடாவின் கஞ்சிக்கடை எங்கே என்று கேளுங்கள். கடை இன்னும் இருக்கிறது. மூலை மேஜையில் மட்டும் உட்கார வேண்டாம், அது காலியாகத் தெரிந்தாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? என் கடைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிரே முடிவெட்டும் கடையில் காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கீழே கடை, மேலே வீடு. இஞ்சி தட்டிப் போட்டு, கோழியோடு குழையக் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. மேலே ஓர் அவித்த முட்டை, கொஞ்சம் பொரித்த பூண்டு. இதுதான் என் வியாபாரம். புருஷன் சவூதிக்கு வேலைக்குப் போனான். அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது. நன்றாக இருக்கட்டும். எனக்கு மிஞ்சியது என் மகள் ஜெங். அவளுக்குப் பதினைந்து வயது.

ஜெங் பள்ளிக்கூடம் விட்டு வருவது தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு இடது காலை அழுத்தி வைக்கிற பழக்கம். எந்த ஷூ வாங்கிக் கொடுத்தாலும் இடது குதிகால்தான் முதலில் தேயும். கடை வைப்பதற்கு முன்னால் நான் பத்து வருஷம் ஷூ தைத்தவள். எங்கள் ஊரே அந்தத் தொழிலில்தான் சாப்பிட்டது. அதனால் நானே அந்த இடது குதிகாலில் ஓர் இரும்பு லாடம் அடித்துக் கொடுத்தேன். வலது நன்றாகத்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து அவள் நடந்தால் டக்... தொப்... டக்... தொப்... என்று கேட்கும். பள்ளியில் நொண்டிக் குதிரை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் கனைத்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அவளுக்குப் பாடப் புத்தகம் என்றால் கசப்பு, கதைப் புத்தகம் என்றால் உயிர். அதிலும் லீரா மொந்தானோ என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். லீரா, ஜெங் வயசுப் பிள்ளைகளுக்காக நாவல் எழுதுகிறவள். எல்லாம் சாவுதான். அம்மாவைப் பறிகொடுத்த பெண், தம்பியை மறக்க முடியாத அண்ணன், செத்துப்போன சிநேகிதியின் நினைவைக் கட்டிக்கொண்டு அழும் சிநேகிதி. பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்து அழும்.

"ஏன்டி காசு குடுத்து அழற? வந்து வெங்காயம் உரி, இலவசமா அழலாம்" என்பேன்.

"உனக்குப் புரியாதும்மா. செத்தவங்க மனசுல என்ன இருக்கும்னு லீராவுக்கு மட்டும்தான் தெரியுது."

எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த லீரா ஒரு நாள் என் கடைக்கே வந்தாள். சாயங்காலம், விளக்கு வைத்த நேரம். எங்கள் தெருவில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் டோடோங்தான் கொண்டுவந்து இறக்கினான். கறுப்பு உடை. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வாசற்படியில் நின்று பாவாடையின் ஓரத்தைப் பிடித்து இரண்டு தரம் உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மெழுகுவத்திப் புகையும் வெள்ளைப் பூவும் கலந்த ஒரு வாடை கூடவே வந்தது. ஜெங் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்தாள்.

"துக்க வீட்டுலேர்ந்தா வர்றீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"ஆமா அக்கா. அப்படியே வீட்டுக்குப் போகக்கூடாதே. ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சிட்டுப் போறேன்."

இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போனால், செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் எங்கேயாவது உட்கார்ந்து, அவரை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், பர்கர் கடை. ஆள் வந்து போகிற இடமாக இருக்க வேண்டும், ஆள் குடியிருக்கிற இடமாக இருக்கக் கூடாது. அடுத்தவர் தூங்கும் வீட்டில் உதறுவதை எங்கள் ஊரில் எந்த அயோக்கியனும் செய்ய மாட்டான். என் கடை வாசலில் பலகை தொங்குவதால் பாவம், இவளுக்கு இது வீடு என்று தெரியவில்லை போல என்று நினைத்தேன்.

அவளே கேட்டாள். "மேல யாரு இருக்காங்க?"

"நானும் பொண்ணும்தான் மேடம்."

"நல்லது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஜெங் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தாள். சில வாரம் இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் கறுப்பு உடை, ஒவ்வொரு முறையும் வாசலில் உதறல். இவளுக்கு மட்டும் எத்தனை சொந்தக்காரர்கள் சாகிறார்கள் என்று டோடோங்கைப் பிடித்துக் கேட்டேன்.

"சொந்தமாவது பந்தமாவது! எந்த வாசல்ல பந்தல் தெரிஞ்சாலும் 'நிறுத்து டோடோங்'கறாங்க. போன வாரம் ஒரு வாத்தியார் வீடு, நேத்து ஒரு மீன்காரம்மா வீடு. நான் ஓட்டறது சவாரி வண்டியா சவ வண்டியான்னு எனக்கே தெரியலக்கா."

எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெட்டியை ஒரு வாரம் வீட்டில் வைத்திருப்பார்கள். தெருவில் மேஜை போட்டுச் சீட்டாட்டம், காபி, பிஸ்கட், நிலக்கடலை. நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. லீரா போய் நேராகத் தாய் பக்கத்திலோ பெண்டாட்டி பக்கத்திலோ உட்கார்ந்துவிடுவாளாம். கையைப் பிடித்துக்கொள்வாளாம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களாம்.

"உனக்குப் பயமா இல்லயாடா?"

"எனக்கென்னக்கா பயம்? அதான் எல்லாரையும் உங்க கடையில உதறிடறாங்களே!" என்று பல்லைக் காட்டினான். நானும் சிரித்தேன். சிரித்தேனா... சிரித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

காலையில் வைத்த கஞ்சி மத்தியானத்துக்குள் புளித்தது. அரிசியை மாற்றினேன், பானையை மாற்றினேன். புளித்தது. ராத்திரி முக்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றிவிட்டுத் தூங்குவேன். விடிந்து வந்து பார்த்தால் ஒன்று கீழே இருக்கும். மறுவாரம் இரண்டு. இறக்கிப் போட்ட சத்தம் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. தரையில் மட்டும் மெழுகுவத்தி வாடை.

ஒரு நாள் மத்தியானம், மணி மூன்று பத்து. கடையில் ஈ காக்கை இல்லை. அடுப்படியிலிருந்து திரும்பினால் மூலை மேஜையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்காமலேயே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. உதட்டில் லேசாகச் சாயம்.

கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

வெறுங்கால்.

எங்கள் தெருவில் அரை அடிக்குப் புழுதி. அவர் உள்ளங்காலில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பச்சைக்குழந்தையின் பாதம் மாதிரி.

நிமிர்ந்தேன். ஆள் இல்லை. முக்காலி இருந்தது. கிண்ணத்தில் கஞ்சி இருந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி, ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

நாங்கள் பிணத்துக்கு நல்ல உடுப்பு போடுவோம், பவுடர் போடுவோம், சாயம் தீட்டுவோம். ஷூ மட்டும் போட மாட்டோம். போட்டிருந்தாலும் பெட்டியை மூடுமுன் கழற்றிவிடுவோம். வீட்டுக்குத் திரும்பி வந்து நடந்தால் இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்கக் கூடாது, அதற்காக.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெங் வெங்காயத் தாளை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அம்மா, மூலையில வாத்தியார் உக்காந்திருக்காரே, பாவம்மா. மக கல்யாணத்துக்குக் கடைசி வரைக்கும் போகவே இல்லயாம். வீம்பு."

"எந்த வாத்தியார்டி?"

"அவர்தான்" என்று கத்தியால் காட்டினாள். மூலை காலியாக இருந்தது.

புத்தகத்தைப் படித்துப் படித்துப் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தால் கடையை யார் நடத்துவது?

அடுத்த முறை லீரா வந்தபோது கறுப்பு உடை இல்லை. பூப்போட்ட உடை, கையில் ஜெங்குக்கு இனிப்புப் பொட்டலம். சாவு வீடும் பள்ளிக்கூடமும் இல்லாத நாள். மத்தியானம். இரண்டு பேரும் மூலை மேஜையில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். நான் மேஜை துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"அப்புறம் என்ன சொன்னார்?"

"அந்தக் கல்யாண கவுன அவரே கடையில போய்ப் பாத்துட்டு வந்தாராம். மகளுக்குத் தெரியாதாம்."

"சொல்லும்போது அழுதாரா? எப்படி அழுதார் ஜெங்? நல்லா யோசிச்சு சொல்லு. சத்தம் வந்துச்சா?"

லீரா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ருசி பார்க்கிறவளைப்போல நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சாவு வீட்டில் உயிரோடு இருப்பவர்களிடம் பாதியைக் கறந்துகொள்கிறாள். செத்தவரை என் வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். மீதிப் பாதியை என் மகள் வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறாள்.

ஜெங்கை மாடிக்கு விரட்டினேன். லீரா முன்னால் போய் நின்றேன். "மேடம், பாலத்துக்கிட்ட பெரிய பெட்ரோல் பங்க் இருக்கு. இனிமே அங்க போய் உதறுங்க. இது பிள்ள தூங்கற வீடு."

அவள் கொஞ்சம்கூட அசரவில்லை. "தெரியும் அக்கா. பங்க்ல எல்லாம் விட்டுப் பாத்துட்டேன். அங்க இருக்கற வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் கலைஞ்சு போயிடறாங்க. வீடுன்னாதான் உக்கார்றாங்க. அதுலயும் காது குடுத்துக் கேக்கற ஒரு பிள்ள இருக்கற வீடுன்னா, மனசு விட்டுப் பேசறாங்க."

"உனக்கு அறிவிருக்கா? வெளிய போடி!"

கொதிக்கிற கரண்டியை ஓங்கிவிட்டேன். அவள் அவசரமே இல்லாமல் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "ஜெங் மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டா அக்கா. உங்களுக்கு அது தெரியல" என்றாள்.

ஜெங் என்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் கோயில் தண்ணீர் தெளித்தேன், மூலைக்கு மூலை உப்புப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும் சத்தம் மட்டும் வழக்கம்போல வந்தது. டக்... தொப்... டக்... தொப்... அது கேட்கிற வரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று இருந்தேன்.

ஆகஸ்ட் மாதப் புயல் மழை. பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே விடுமுறை விட்டார்கள். கடையில் வியாபாரம் இல்லை. முக்காலிகளை மேஜைமேல் ஏற்றிவிட்டேன். ஜெங் மாடியில் இருந்தாள்.

ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம் மட்டும். மெழுகுவத்தி எங்கே என்று அலமாரியில் கையால் துழாவிக்கொண்டிருந்தேன்.

க்ர்ர்ர்...

முக்காலி இழுபடும் சத்தம்.

"ஜெங்?"

க்ர்ர்ர்... இன்னொன்று. க்ர்ர்ர்... க்ர்ர்ர்... ஒவ்வொன்றாக, நிதானமாக, ஆட்கள் பந்தியில் இடம் பிடிப்பதுபோல.

தீக்குச்சி உடைந்தது. இரண்டாவது குச்சி பற்றியது, கையில் அகப்பட்ட மெழுகுவத்தியில் வைத்தேன்.

எல்லா மேஜையிலும் ஆள்.

பூவேலைச் சட்டை வாத்தியார். பச்சைப் பட்டில் ஒரு தடித்த அம்மாள், மீன்காரம்மாவாக இருக்க வேண்டும். கோட்டு போட்ட ஒரு பையன். வெள்ளை கவுனில் ஒரு சின்னக் குழந்தை. யாரும் நனையவில்லை. யாரும் பேசவில்லை. ஒருவர் காலிலும் செருப்பில்லை.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

எல்லாத் தலையும் நடு மேஜைப் பக்கம் திரும்பியிருந்தது.

அங்கே ஜெங்.

பள்ளிக்கூடச் சீருடையில். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு.

"ம்... ம்... அப்புறம்?"

பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி. இழுத்தேன். அவள் எழுந்து நின்றாள்...

சத்தமே வரவில்லை.

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். ஷூ இரண்டும் மாடிப்படிக்குக் கீழே ஜோடியாக, ஒழுங்காக இருந்தன.

"ஏன்டி... ஷூவ ஏன்டி கழட்டின?"

என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் கழட்டியிருக்காங்களேம்மா."

மெழுகுவத்தி அணைந்தது.

அன்றைக்கே காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் டெங்கு என்று எழுதினார்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கொசு இருக்கிறது, டெங்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் கஞ்சி ஊற்றினேன். என் பிள்ளை வளரவில்லை.

கடையிலேயே மேஜைகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை வைத்தோம். வாசலில் அவள் படம் போட்ட பெரிய பேனர் கட்டினார்கள். டோடோங் அழுதுகொண்டே காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்டிக்காரர்கள் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் அவள் காலைத் தொட்டார்கள். நான் தடுத்தேன்.

"கழட்டக் கூடாது. அப்படியே இருக்கட்டும்."

டோடோங் என் தோளைப் பிடித்தான். "அக்கா, ஷூவோட அனுப்பக் கூடாது. அப்புறம் வீட்டுல நடக்கற சத்தம் கேக்கும்."

"கேக்கட்டும்டா. எனக்குக் கேக்கணும்."

பெட்டியின் மேல்பாதியில்தான் கண்ணாடி. கால் பக்கம் மூடியிருக்கும். அதனால் ஷூ விஷயம் எனக்கும் டோடோங்குக்கும் பெட்டிக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும். எந்த ஆவியையும் கண்டு இனி எனக்குப் பயமில்லை. என் பிள்ளை வர வேண்டும். வந்தால் எனக்குத் தெரிய வேண்டும். உலகத்தில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அடக்கத்துக்கு முதல் நாள் சாயங்காலம் லீரா வந்தாள். கறுப்பு உடை. கூட்டத்தில் யாரும் யார் என்று கேட்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"ஜெங்கப் பத்தி ஏதாவது சொல்லுங்க அக்கா. மனசு லேசாகும்."

கழுத்தை நெரித்திருப்பேன். உடம்பில் தெம்பில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டேன். அவள் பெட்டிப் பக்கம் போய்க் கண்ணாடிமேல் குனிந்து வெகுநேரம் நின்றாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

துக்க வீட்டுக்காரர்கள் வந்தவர்களை வழியனுப்ப எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றாள். உதறுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை. பாவாடையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, மடியில் எதையோ சிந்தாமல் ஏந்திக்கொண்டு போகிறவள்போலப் படி இறங்கினாள்.

அடக்கம் முடிந்தது. நான் கடைக் கதவைப் பூட்டுவதை நிறுத்தினேன். மாடிப்படி விளக்கை அணைப்பதில்லை. அவளுக்குப் பிடித்த மாதிரி முட்டை இரண்டு போட்டு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பேன். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

மற்றவர்கள் வந்தார்கள். மூன்று மணிக்கு வாத்தியார். பிறகு மீன்காரம்மா. கோட்டுப் பையன். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் வாத்தியார் முன்னால் போய் நின்று கேட்டேவிட்டேன்.

"எம்பொண்ணு எங்க?"

அந்த மனிதர் முதல் முறையாகத் தலையைத் திருப்பினார். என் பக்கம் இல்லை. வாசல் பக்கம். தெருவைப் பார்த்தார்.

செத்தவர்கள் நாற்பது நாள் தங்கள் வீட்டைச் சுற்றி வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகும் டோடோங் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சாப்பிடவும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க."

"சொல்லித் தொலைடா."

"அன்னிக்கு லீரா மேடத்தக் கூட்டிட்டுப் போனது நான்தான்."

"எங்க நிறுத்தின?"

தலையைக் குனிந்துகொண்டான். "பங்க் வந்ததும் வழக்கம்போல ஓரங்கட்டினேன். 'நிறுத்தாத டோடோங், நேரா வீட்டுக்குப் போ'ன்னாங்க. கேட்டுப் பாத்தேன்க்கா. 'இன்னிக்கு உதற வேண்டாம், நேரா போ'ன்னுட்டாங்க... அப்புறம் மேட்டுல வண்டி ஏறவே இல்ல. ஒரு ஆளுக்கு அப்படித் திணறாதுக்கா என் வண்டி."

ஊரார் வீட்டுப் பிணத்தையெல்லாம் என் வீட்டில் விட்டவள், என் பிள்ளையை மட்டும் எங்கேயும் விடவில்லை.

மறுநாள் மத்தியானமே லீரா குடியிருக்கும் குபாவோவுக்குப் போனேன். டோடோங்தான் அழைத்துப் போனான், வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நாலு மாடிக் கட்டடம். லீரா இருப்பது நாலாம் மாடி. கீழே மேஜை போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்து வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். சின்ன வயசுப் பையன்.

"லீரா மேடத்தப் பாக்கணும் தம்பி."

"மேடம் ஊர்ல இல்லம்மா. புத்தக விழாவுக்கு சிங்கப்பூர் போயிருக்காங்க. போய் ஒரு வாரம் ஆச்சு."

"வீட்டுல வேற யாரும்...?"

"யாரும் இல்லம்மா. பூட்டிக் கெடக்கு."

அப்போது மாடிப்படியில் தடதடவென்று ஒரு பெண் இறங்கி வந்தாள். தலைமுடியில் சுருட்டு ரோலர், கையில் துடைப்பக்கட்டை. மூன்றாம் மாடிக்காரி. வந்த வேகத்தில் மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"ஏய், இன்னிக்காவது போய்ப் பாப்பியா மாட்டியா? எந்த மகராசி அவ, வீட்டுக்குள்ள ஷூவோட நடக்கறது? ஒரு மாசமா உயிர வாங்கறா! துடைப்பத்தால தட்டித் தட்டி என் வீட்டு மேல்தளமே உதிருது!"

"மேல யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லாமயா நடக்குது? ஒழுங்கான நடையாவா இருக்கு அது? நொண்டிக் குதிர மாதிரி..." அவள் துடைப்பக்கட்டையைத் தரையில் தட்டினாள். பிறகு செருப்புக் காலை வைத்தாள். மறுபடி கட்டை. மறுபடி கால்.

டக்... தொப்... டக்... தொப்...

அந்த லாடத்தை அடித்தது என் கை.

"வாசக்கதவு வரைக்கும் வருது" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் திரும்பிப் போகுது. பகலு ராத்திரி இதே வேல."

வாசல் வரைக்கும் வருகிறாள். என் பிள்ளை வீட்டுக்கு வரத்தான் நடக்கிறாள்.

"சாவி இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா குடுக்க முடியாது. என்ன சத்தம் கேட்டாலும் கதவத் தொறக்கக் கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க." அவன் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு நிமிஷம். நீங்க கஞ்சிக்கட வச்சிருக்கீங்களாம்மா?"

"ஆமா."

"நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. வந்தா தொறக்கவே கூடாதுன்னாங்க. புத்தகம் முடிஞ்சதும் அவங்களே தொறந்து விட்டுடுவாங்களாம்."

"எப்ப முடியும்?"

"தெரியலம்மா. மூணு பாகமாம். இப்பதான் முதல் பாகம் எழுதறாங்க."